அரை மணி நேரக் கெடு

இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை இறைக்கிறது. அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இரண்டு சிறுநீரகங்களுக்கே போய்விடுகிறது. ஒவ்வொன்றும் 150 கிராம் எடைதான். ரத்தத்தில் இப்படி ஊறிக் கிடக்கும் உறுப்பிலிருந்து கட்டியை மட்டும் வெட்டியெடுத்து மிச்சத்தைக் காப்பாற்ற வேண்டுமானால், பெரும்பாலும் ரத்த வரத்தை நிறுத்தியாக வேண்டும்.

சிறுநீரகத் தமனியில் சின்னக் கிளிப் ஒன்றைக் கவ்வ விடுகிறார்கள். அந்த நொடியிலிருந்து கெடு ஓடத் தொடங்கும். உடல்சூட்டிலேயே இருக்கும் சிறுநீரகம் ரத்தமின்றி அரை மணி நேரம் தாங்கும். அதைத் தாண்டினால் சேதம் கூடிக்கொண்டே போகும். அறுவை சிகிச்சை ரோபோ உதவுவது இங்கேதான். அது தானாக எதையும் வெட்டாது. சற்றுத் தள்ளி அமர்ந்திருக்கும் மருத்துவரின் விரலசைவை, மனித மணிக்கட்டைவிட அதிகமாகத் திரும்பும் கருவிகளால் வயிற்றுக்குள் செய்துகாட்டுகிறது; குறுகிய இடத்திலும் தையல் விரைவாக விழுகிறது. உள்தையல் முடிந்ததுமே கிளிப்பை எடுத்துவிட்டு, ரத்தம் ஓட ஓட வெளித்தையல் போடுவோரும் உண்டு.

இன்னொரு உத்தி, திருவண்ணாமலைப் பக்கம் ஏரிப் பாசனம் பார்த்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். ஒரு வயலுக்குத் தண்ணீர் வேண்டாமென்றால் யாரும் மதகை மூடுவதில்லை, அந்த வாய்க்காலை மட்டும் அடைப்பார்கள். சிறுநீரகத் தமனியின் கிளைகள் ஒன்றோடொன்று இணைவதில்லை. ஒவ்வொன்றும் தன் பகுதிக்கு மட்டுமே பாய்கிறது. கட்டிக்குப் போகும் கிளையைக் கவ்வினால் போதும், மற்ற பகுதிக்கு ரத்தம் போய்க்கொண்டே இருக்கும். கவ்வியது சரியான கிளைதானா? சிரை வழியே இண்டோசயனின் கிரீன் என்ற சாயத்தைச் செலுத்தி அகச்சிவப்புக் கேமராவில் பார்க்கிறார்கள். ரத்தம் ஓடும் இடம் பச்சையாக ஒளிரும், அடைபட்ட இடம் கறுத்தே நிற்கும். இந்தச் சாயம் ஈரல் வழியாகப் பித்தத்தில் கலந்து வெளியேறுகிறது. தவிக்கும் சிறுநீரகத்தின் மேல் அதைச் சுமத்த வேண்டியதில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

குளிர்வித்தால் கெடு நீளும். புதுச்சேரி ஜிப்மரில் படித்து, அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் ரோபோ அறுவைக்கு முன்னோடியான மணி மேனன், குருகிராம் மேதாந்தா மருத்துவர்களுடன் 2013இல் இதை மாற்றுச் சிறுநீரகத்துக்குச் செய்தார். பொடித்த பனிக்கூழைச் சுற்றிலும் வைத்து, ரோபோ தையல் போடும் நேரமெல்லாம் சிறுநீரகத்தைச் சுமார் 20 டிகிரியிலேயே வைத்திருந்தார்கள்.

2022இல் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்கு ரோபோ வந்தது. மாநில அரசின் மருத்துவமனைகளில் அதுவே முதல். ஜவ்வாது மலையிலிருந்து வரும் ஒருவருக்கும் இந்தச் சிகிச்சை தன் மாவட்டத்திலேயே கிடைக்க வேண்டும் என்பதே என் ஆசை.