அருளும் ஏலக்காய் விலையும்: ஆபிரகாம் பண்டிதரின் வாழ்வு சொல்லும் பாடம்



"சாமி, கடவுள் அருளால் இந்த வருஷம் நல்ல விலை." போடியிலும் மெட்டிலும் அடிக்கடி நம் காதில் விழும் பேச்சு இது. மகனுக்கு வேலை கிடைத்தாலும், மகளுக்கு நல்ல வரன் அமைந்தாலும், கடன் அடைந்தாலும் 'கடவுள் அருள்' என்கிறோம். நன்றி சொல்லும் இந்தப் பழக்கம் நல்ல பழக்கம்தான். ஆனால் விலை விழுந்த வருடத்தில் அந்த வார்த்தை எங்கே போய்விடுகிறது? 2019 ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் என்ற உச்சத்தைத் தொட்டதை நாம் மறக்கவில்லை. இரண்டே ஆண்டுகளில் அது ஆயிரம் ரூபாயைச் சுற்றி இறங்கியதையும் மறக்கவில்லை. அப்படியானால், 2019இல் நம்மோடு இருந்த அருள் 2021இல் மலையிறங்கிப் போய்விட்டதா?

இது விளையாட்டாகக் கேட்கும் கேள்வி அல்ல. விலை விழுந்தால் நகை அடகுக்குப் போகிறது, குத்தகைப் பாக்கி நிற்கிறது. அதோடு, "நாம என்ன பாவம் செஞ்சோம், சாமி நம்மளக் கைவிட்டுட்டாரே" என்ற எண்ணமும் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அருளைப் பற்றிய நம் எண்ணம் பிழையாக இருந்தால், பணக் கஷ்டத்தோடு மனக் கஷ்டமும் சேர்ந்துகொள்ளும். ஆகவே அருள் என்றால் என்ன, அது நம் அன்றாட வாழ்வில் எப்படிச் செயல்படுகிறது என்பதை, ஒரு கிறிஸ்தவ இசை அறிஞரின் வாழ்வைக் கொண்டு இன்று சிந்திப்போம். அவர் தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர்.

சுருளி மலையில் கிடைத்த கொடை

ஆபிரகாம் பண்டிதர் 1859ஆம் ஆண்டு, அன்றைய திருநெல்வேலிச் சீமையில், தென்காசிப் பக்கத்துச் சாம்பவர் வடகரையில் பிறந்தார். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்று, அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். சடையாண்டிப் பத்தர் என்பவரிடம் அவர் இசை கற்றதும் அங்கேதான். அந்த நாட்களில் அவருக்கு மூலிகைகளைப் பற்றி அறியும் ஆர்வம் இருந்தது. அந்த ஆர்வம் அவரை நம் பக்கத்து மலைக்கே அழைத்து வந்தது. கம்பத்தை அடுத்த சுருளி மலையில் கருணானந்தர் என்னும் துறவியைச் சந்தித்து, அவரிடம் சித்த மருத்துவத்தின் நுட்பங்களைக் கற்றுக்கொண்டார்.

பின்னர் தஞ்சாவூரில் அவரும் அவர் மனைவியும் பள்ளி ஆசிரியர்களாகப் பணிசெய்தார்கள். 1890 அளவில் ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு முழுநேர மருத்துவரானார். சுருளியில் கற்ற மருத்துவம் அவருக்குப் பெரும் பெயரையும் செல்வத்தையும் தேடித் தந்தது. தஞ்சைக்கு வெளியே பெரிய பண்ணை ஒன்றை உருவாக்கி, அதில் மூலிகைகளையும் பயிரிட்டார்.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தம் மருந்துக்கூடத்துக்கு அவர் வைத்த பெயர் கருணாநிதி வைத்தியசாலை. பண்ணைக்கு வைத்த பெயர் கருணானந்தபுரம். வாழ்நாள் உழைப்பாக 1917இல் அவர் வெளியிட்ட, ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட இசைத்தமிழ் ஆராய்ச்சி நூலின் பெயர் கருணாமிர்த சாகரம். கருணை என்னும் அமிர்தத்தின் கடல் என்று அதற்குப் பொருள். சம்பாதித்தவர் அவர், எழுதியவர் அவர். ஆனால் இவற்றுக்குத் தம் பெயரை வைக்கவில்லை. தமக்குக் கிடைத்த கருணையையே இந்தப் பெயர்களில் பொறித்தார். கருணையும் அருளும் தமிழில் உடன்பிறந்த சொற்கள். தம் வாழ்வு முழுவதும் பெற்றுக்கொண்டது என்ற உணர்வு அவரிடம் இருந்ததை அந்தப் பெயர்களே நமக்குக் காட்டுகின்றன.

பண்டிதர் கத்தோலிக்கர் அல்லர். சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த கிறிஸ்தவர். கருணானந்தரோ சித்தர் மரபில் வந்த துறவி. இவர்களிடமிருந்து நாம் கற்கலாமா என்று சிலர் கேட்கக்கூடும். பிரிந்த சகோதரரிடம் தூய ஆவியார் செய்யும் செயல்கள் நம் வளர்ச்சிக்கும் உதவும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் எடுத்துரைத்தது. பிற சமயங்களில் உண்மையும் புனிதமுமாக உள்ள எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று அடுத்த ஆண்டே அறிவித்தது. கடவுளின் காற்று தான் விரும்பும் திசையில் வீசுகிறது. அதற்கு நாம் வேலி போட முடியாது.

சுருதி முதலில் ஒலிக்கிறது

பண்டிதர் பெரிதும் ஆராய்ந்த பொருள் சுருதி. ஒரு ஸ்தாயிக்குள் எத்தனை நுண்ணிய ஒலிநிலைகள் உள்ளன என்ற கேள்விக்கு 22 என்பதே வழக்கமான பதில். பழந்தமிழ் நூல்களை, முக்கியமாகச் சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் ஆராய்ந்து, 24 என்று அவர் வாதிட்டார். 1912இல் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தைத் தொடங்கி, தம் சொந்தச் செலவில் தஞ்சையில் இசை மாநாடுகளை நடத்தினார். 1916இல் பரோடாவில் நடந்த அனைத்திந்திய இசை மாநாட்டில், தம் குடும்பத்துப் பெண்கள் வீணையில் வாசித்துக் காட்ட, தம் கருத்தை எடுத்து வைத்தார். அறிஞர் எல்லாரும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனாலும் அவர் உழைப்பு நிற்கவில்லை.

அந்தச் சுருதியே அருளைப் புரிந்துகொள்ள நமக்கு நல்ல உவமை. கச்சேரியில் பாடகர் வாய் திறப்பதற்கு முன்பே தம்புரா ஒலிக்கத் தொடங்கிவிடுகிறது. பாடகர் அதைக் கேட்கிறார், அதில் தம் குரலைச் சேர்க்கிறார். இடையில் குரல் பிசகினாலும் சுருதி நிற்பதில்லை. அவர் திரும்பி வந்து சேரும்வரை அது ஒலித்துக்கொண்டே இருக்கிறது. ஆனால் சுருதி பாடகருக்காகப் பாடிவிடாது. பாட வேண்டியவர் அவர்தான்.

நம் திருச்சபை அருளைப் பற்றிக் கற்பிப்பதும் இதைத்தான். இதை மூன்று உண்மைகளாக மனத்தில் பதித்துக்கொள்வோம்.

முதலாவது, அருள் முந்தி வருகிறது. அருளைக் குறிக்கும் இலத்தீன் சொல் 'கிராத்சியா'. அருள் விலையில்லாமல் கிடைப்பது. நாம் நல்லவர்களான பிறகு சம்பளமாகக் கடவுள் அருளைத் தருவதில்லை. நாம் அவரைத் தேடத் தொடங்குவதே அவர் அருள் நம்மைத் தொட்டதால்தான்.

இரண்டாவது, அருள் நம் உழைப்பை நீக்குவதில்லை. தாம் இந்நிலையில் இருப்பது கடவுளின் அருளால் என்று சொல்லும் திருத்தூதர் பவுல், அதே மூச்சில் தாம் மற்றெல்லாரையும்விட மிகுதியாகப் பாடுபட்டதாகவும் சொல்கிறார். அருள் நம் இயல்பை அழிப்பதில்லை, நிறைவாக்குகிறது என்பது புனித தோமா அக்குவினாசின் போதனை. நம் ஏலத்தோட்டத்திலேயே இதைப் பார்க்கலாம். நிழலை ஒழுங்குபடுத்துவது, தண்ணீர் பாய்ச்சுவது, உரமிடுவது, களை எடுப்பது எல்லாம் நம் வேலை. ஆனால் ஏலப்பூ ஒரே நாள்தான் வாழும். அந்த ஒரு நாளுக்குள் தேனீ வந்தால்தான் பூ காயாகும். பூவில் வந்து உட்காரும்படி தேனீக்கு யாரும் கட்டளையிட முடியாது. அதற்காகத் தேனீயை நம்பி வீட்டில் படுத்திருந்தால் தோட்டம் காடாகிவிடும்.

மூன்றாவது, அருள் தேங்கி நிற்பதில்லை. அன்னை மரியாவை அருள் நிறைந்தவர் என்று நாள்தோறும் செபத்தில் அழைக்கிறோம். வானதூதரின் செய்தியைக் கேட்டதும் அந்தத் தாய் என்ன செய்தார்? வயது முதிர்ந்து கருவுற்றிருந்த எலிசபெத்தைக் காண மலைநாட்டுக்கு விரைந்து போனார் என்று லூக்கா எழுதுகிறார். அருள் நிறைந்தவுடன் அவர் கால்கள் மலையேறின. பிறருடைய வீட்டு வாசலைத் தேடிப் போயின. பண்டிதரும் மருத்துவத்தில் வந்த பணத்தைப் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. அதை இசைக்குச் செலவிட்டார். கீதங்களையும் கீர்த்தனைகளையும் தமிழில் இயற்றி, 1907இல் நூலாக வெளியிட்டார். தாம் கற்றதைத் தமிழ்ப் பிள்ளைகளும் கற்கும்படி வழி திறந்து வைத்தார்.

விலை விழுந்தால்?

இப்போது நம் முதல் கேள்விக்குத் திரும்புவோம். ஏலக்காய் விலை என்பது மழை, வறட்சி, விளைச்சல், வெளிநாட்டுத் தேவை, வியாபாரிகளின் கணக்கு எல்லாம் சேர்ந்து ஏலத்தில் முடிவாவது. கடவுள் நம் பாவ புண்ணியக் கணக்கைப் பார்த்து விலை வைப்பதில்லை. அவர் நல்லவர் மேலும் தீயவர் மேலும் ஒன்றுபோல் கதிரவனை உதிக்கச் செய்கிறார், மழை பொழியச் செய்கிறார் என்று மலைப்பொழிவில் இயேசுவே கற்பித்திருக்கிறார். எனவே விலை விழுந்த வீட்டைப் பார்த்து, அங்கே அருள் இல்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அப்படிச் சொல்வது அவர்கள் புண்ணில் உப்பைத் தேய்ப்பதாகும்.

இன்னொரு பக்கமும் உண்டு. விலை 7,000 ஆன நாளில், தரையோடு கிடக்கும் சரத்தில் நாள் முழுக்கக் குனிந்து முற்றிய காயாகப் பார்த்து எடுத்த நம் அம்மாக்களின் கூலி ஏழு மடங்கு ஆகவில்லை. விடியும் முன் எழுந்து சோறு கட்டிக்கொண்டு, ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே போகிறவர்கள் அவர்கள். உயர்ந்த விலைதான் அருள் என்றால், அவர்களுக்கு அருளே இல்லை என்றாகிவிடும். அப்படி ஒரு கடவுளை இயேசு நமக்குக் காட்டவில்லை. நல்ல விலை கிடைத்தவர், "இது எனக்கு அருள்" என்று சொல்வதோடு நிறுத்தாமல், "இது என் வழியாக யாரிடம் போய்ச் சேர வேண்டும்?" என்றும் கேட்க வேண்டும். அந்த இரண்டாம் கேள்வியைக் கேட்கும்போதுதான் லாபம் அருளாக மாறத் தொடங்குகிறது.

பண்டிதரின் முடிவும் நமக்கு ஒன்றைச் சொல்கிறது. கருணாமிர்த சாகரத்தின் முதல் பாகம் வெளிவந்து இரண்டே ஆண்டுகளில், 1919இல், அவர் இறைவனடி சேர்ந்தார். இரண்டாம் பாகம் அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு குடும்பத்தார் முயற்சியால் வெளிவந்தது. தொடங்கிய எல்லாவற்றையும் நாமே முடித்துப் பார்ப்போம் என்ற உறுதியை அருள் தருவதில்லை. நாம் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் கையில் வேலை தொடரும் என்ற நம்பிக்கையை அது தருகிறது. பிள்ளைகளின் படிப்புக்காக மலையேறி உழைக்கும் பெற்றோருக்கு இதைவிட ஆறுதலான செய்தி என்ன இருக்கிறது?

நாம் செய்யக்கூடியவை

அன்பார்ந்தவர்களே, இந்தச் சிந்தனை வெறும் பேச்சாக நின்றுவிடக் கூடாது. மூன்று சிறு முயற்சிகளை நம் பங்கில் செய்து பார்ப்போம்.

ஒன்று, திருப்பலியில் எல்லாரும் பாடுவோம். இறைமக்கள் முழுமையாகவும் ஈடுபாட்டோடும் வழிபாட்டில் பங்கேற்க வேண்டும் என்றும், அந்தந்த மக்களின் இசை மரபுக்கு உரிய மதிப்பு அளிக்க வேண்டும் என்றும் 1963இல் வத்திக்கான் சங்கம் வழிகாட்டியது. நம் பாடற்குழுவின் இளையோர் ஆர்வத்தோடு உழைக்கிறார்கள். அவர்களுக்கு நம் நன்றி. ஆனால் கீபோர்டும் ஒலிபெருக்கியும் மக்களின் குரலை மூடிவிடும்போது, சுருதி இருந்தும் பாடுவதற்கு ஆளில்லாமல் போகிறது. ஆறு நாளும் காய் எடுத்துக் களைத்து வருகிற ஒரு தாய், ஞாயிற்றுக்கிழமை தன் குரலில் ஒரு வரி பாடட்டும். அவர் பாடக்கூடிய சுருதியிலும் வேகத்திலும் பாடல்களை அமைப்போம்.

இரண்டு, நமக்குக் கொடுத்தவர்களின் பெயரை வீட்டில் சொல்வோம். தொழில் கற்றுக்கொடுத்தவர், செபம் சொல்லிக்கொடுத்த பாட்டி, கஷ்ட காலத்தில் வட்டியில்லாமல் பணம் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரர், அவர் எந்தச் சமயத்தவராக இருந்தாலும் சரி, இவர்களையெல்லாம் இரவு செபத்தில் பெயர் சொல்லி நினைப்போம். பிள்ளைகள் கேட்டு வளரட்டும்.

மூன்று, கிடைத்ததில் ஒரு பங்கைத் திருப்பிக் கேட்காத கொடையாக ஒருவருக்குக் கொடுப்போம். அது பணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதாகவோ, நோயாளி ஒருவரோடு மருத்துவமனைக்குத் துணைக்குப் போவதாகவோ இருக்கலாம்.

விலை ஏறும், இறங்கும். ஆனால் நாம் பாடத் தொடங்குவதற்கு முன்பே ஒலிக்கத் தொடங்கிய இறைவனின் சுருதி, நம் குரல் பிசகும்போதும் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருக்கிறது. அதைக் கேட்கும் செவியையும், அதோடு இசைந்து உழைக்கும் மனத்தையும், பெற்றதைப் பிறருக்குக் கொடுக்கும் கைகளையும் நமக்குத் தரும்படி, அருள் நிறைந்த அன்னையின் வழியாக இறைத்தந்தையிடம் மன்றாடுவோம். எல்லாம் வல்ல இறைவன் மலைமேலும் அடிவாரத்திலும் உழைக்கும் நம் குடும்பங்கள் அனைத்தையும் ஆசீர்வதித்துக் காப்பாராக. ஆமென்.