இரசாயனப் பொறியியலுக்கு ஓர் ஆசிரியர்

"சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்" என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் வாக்கு. ஆனால் சட்டி நிறைய இருந்தும் அகப்பை இல்லையென்றால், பந்தியில் அமர்ந்தவன் பசி தீருமா? பல்கலைக்கழகம் ஓர் இளம் ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும்போது சட்டியையும் அகப்பையையும் எவ்வாறு அளக்கிறது என்பதை மாணவராகிய நாம் அறிவது நன்று. நம்மில் சிலர் நாளை அந்த நேர்காணலுக்குச் செல்ல வேண்டியவர்கள் அல்லவா?

இந்தியாவில் இரசாயனப் பொறியியற் கல்விக்கு 1921-இல் வங்காளத்தில் வித்திட்டவர் ஹீராலால் ராய். சென்னையில் 1944-இல் அழகப்பச் செட்டியாரின் கொடையால் தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது. கொச்சியிலோ ஆலைகளே முந்திக்கொண்டன. பெரியாற்றங்கரையில் ஏலூர் உர ஆலை 1947-இல் உற்பத்தியைத் தொடங்கியது. அம்பலமுகள் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1966-இல் இயங்கத் தொடங்கியது. கொச்சிப் பல்கலைக்கழகம் பிறந்தது 1971-இல். ஆதலால் இத்துறையில் தேர்ந்த இளைஞரை வகுப்பறை அழைக்கும்போதே ஆலையும் அழைக்கிறது.

கேரளத்தில் அரசுப் பொறியியற் கல்லூரிகளுக்கு ஆள் எடுப்பது பொதுப்பணித் தேர்வாணையம். பல்கலைக்கழகமோ தானே விளம்பரம் செய்து, தானே தேர்ந்தெடுக்கிறது. உதவிப் பேராசிரியருக்கு இளநிலை, முதுநிலைப் பொறியியற் பட்டங்கள் இரண்டும் வேண்டும். இரண்டில் ஒன்றிலேனும் முதல் வகுப்பு வேண்டும் என்று அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2019-இல் விதித்தது.

பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வகுத்த மதிப்பெண் பட்டியலில் மொத்தம் 100. முனைவர் பட்டத்துக்கு மட்டும் 30. ஆய்வுக் கட்டுரைகளுக்கு மிகுதியாக 10. கற்பித்த அனுபவத்துக்கு மிகுதியாக 10. ஆனால் ஒன்றை மறவாதீர்கள்: இந்த மதிப்பெண் நேர்காணலுக்கு அழைப்பதற்கு மட்டுமே. வாயிற்படியைத் தாண்டிய பின் அது பேசாது. நேர்காணலே முடிவு செய்யும். துணைவேந்தர் தலைமை தாங்குவார். வேந்தர் நியமித்த கல்வியாளர் ஒருவரும், புலத்தலைவரும், துறைத்தலைவரும், பாட வல்லுநர் மூவரும் உடனிருப்பர். வெளியிலிருந்து வந்த வல்லுநர் இருவரேனும் இன்றிக் குழு கூட முடியாது.

இவ்வளவும் சட்டியை அளக்கும் ஏற்பாடு. அகப்பையை அளப்பது எப்படி? வகுப்பறையில் பாடம் நடத்தச் சொல்லிப் பார்க்கலாம் என்று அதே விதிகள் இடம் தருகின்றன. "பார்க்கலாம்" என்பதே சொல். "பார்க்க வேண்டும்" என்பதன்று. நாம் கவலைப்பட வேண்டிய இடம் இதுவே.

மட்டாஞ்சேரியின் மிளகுக் கிடங்குகளை எண்ணிப் பாருங்கள். மிளகை உலர்த்துதல், சலித்தல், நீராவியால் எண்ணெய் வடித்தல், கரைப்பானில் சாறு இறக்குதல் யாவும் இரசாயனப் பொறியியலின் அடிப்படைச் செயல்களே. நீராவியில் வடித்த மிளகெண்ணெய் மணக்கிறது, காரமில்லை. ஏன்? மணம் தரும் பொருள்கள் நீராவியோடு எழும். காரம் தரும் பைப்பரின் எழாமல் சக்கையிலேயே தங்கும். காரமும் வேண்டுமாயின் கரைப்பானைக் கொண்டு சாறு இறக்கி, பின் கரைப்பானை ஆவியாக்கி மீட்க வேண்டும். வந்த இளைஞர் இதைக் கரும்பலகை முன் பத்து நிமிடத்தில் முதலாண்டு மாணவனுக்கு விளங்கவைப்பாரா? கட்டுரைகளின் எண்ணிக்கை இதற்கு விடை சொல்லாது.

தேர்வுக் குழு கூடுவது ஒரு நாள். தேர்வானவர் கற்பிப்பதோ முப்பது ஆண்டுகள். அவரிடம் அரைகுறையாகக் கற்றவன் நாளை கொதிகலன் முன் நிற்பான். ஆற்றில் கலக்கும் கழிவுநீருக்கும் அவனே பொறுப்பாவான். ஆகவே ஒவ்வொரு தேர்விலும் மாதிரி வகுப்பு ஒன்று கட்டாயம் நடக்கட்டும். பின்வரிசையில் மாணவர் சிலரும் அமரட்டும். பரிமாறுகிறவரின் திறமை பந்தியில் இருப்பவனுக்கன்றோ தெரியும்!