நன்றாக ஓடும் குழாயை ஏன் எடுக்கிறோம்?

தீவிர சிகிச்சைப் பிரிவில் உறவினர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்பது இது: "மருந்து நன்றாகத்தானே ஏறுகிறது, டாக்டர்? கழுத்துக் குழாயை எடுத்துவிட்டு மறுபடியும் ஏன் குத்த வேண்டும்?"

நியாயமான கேள்விதான். ஆனால் இரத்த மாதிரியில் கேண்டிடா என்னும் பூஞ்சை வளர்ந்துவிட்டால், அக்குழாயை நாங்கள் நம்புவதில்லை. பலருடைய வாயிலும் குடலிலும் தீங்கின்றி வாழ்வதே கேண்டிடா. பிளாஸ்டிக் பரப்பு கிடைத்தாலோ, அதில் ஒட்டி, இழைகளாக நீண்டு, ஓரிரு நாளில் பிசின் போன்ற உயிர்ப்படலம் ஒன்றைப் போர்த்திக்கொள்கிறது. அப்படலத்திலுள்ள குளூக்கான் என்னும் பொருள் ஃப்ளுகோனசோல் மருந்தைப் பிடித்து நிறுத்திவிடுவதால், உள்ளிருக்கும் பூஞ்சை தப்புகிறது. எகினோகேண்டின் வகை மருந்துகள் இதைவிட நன்கு வேலை செய்யும். ஆயினும் குழாய் இருக்கும்வரை, படலத்திலிருந்து பூஞ்சை உதிர்ந்து இரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கலாம்.

வேறு சிரை கிடைப்பது சிலருக்கு அரிது. அவர்கள் விஷயத்தில் எடுப்பதன் இடரையும் விட்டுவைப்பதன் இடரையும் குடும்பத்தாரிடம் சொல்லியே முடிவெடுக்கிறோம். மற்றவர்களுக்குத் தாமதிப்பதில்லை.

பூஞ்சை வளராத முதல் இரத்த மாதிரி எடுத்த நாளிலிருந்து, அது வேறு உறுப்புகளுக்குப் பரவாதிருந்தால், பொதுவாக 14 நாள் மருந்து தொடரும். காய்ச்சல் விட்டதும் நிறுத்தச் சொல்லிக் கேட்காதீர்கள். கண்ணுக்குள்ளும் பரவக்கூடுமாதலால், பார்வை தெளிவாக இருப்பினும் கண் மருத்துவர் ஒருமுறை வந்து பார்ப்பார்.