நீண்டகால வாக்காளரின் கவலை: வாக்கு தீர்ப்பது எது, தீர்க்காதது எது?

புதுதில்லி: 1949-ஆம் ஆண்டில் பிறந்து, 1971 மக்களவைத் தேர்தலில் முதன்முறையாக வாக்களித்த ஒருவர், அதன்பின் ஒரு தேர்தலையும் தவறவிடவில்லை எனில், 2024-இல் அவர் வாக்களித்தது 14-ஆவது மக்களவைத் தேர்தல் ஆகும். வாக்களிக்கும் வயது 21-ஆக இருந்த காலத்தில் தொடங்கி, வாக்குச்சீட்டிலிருந்து மின்னணு இயந்திரம் வரை, தனிக்கட்சி ஆட்சியிலிருந்து கூட்டணி ஆட்சி வரை அனைத்தையும் அவர் கண்டிருப்பார். ஒவ்வொரு தேர்தலுக்கு முன்பும் இத்தகைய வாக்காளர்களிடம் எழும் கேள்வி ஒன்றுதான்: நாடு சரியான திசையில் செல்கிறதா?

இக்கேள்வியில் இரு வேறு கவலைகள் கலந்துள்ளன. விலைவாசி, வேலைவாய்ப்பு, ஊழல் போன்ற வாழ்வு சார்ந்த கவலை ஒன்று. தேர்தல் நேர்மையாக நடக்கிறதா, தமது வாக்கு சரியாக எண்ணப்படுகிறதா என்ற, போட்டியின் விதிகள் சார்ந்த கவலை மற்றொன்று. முதலாவதற்கு வாக்கே மருந்து. இரண்டாவதற்கு வாக்கு மட்டும் போதாது. இவ்வேறுபாட்டை அண்மைத் தேர்தல்கள் தெளிவாகக் காட்டுகின்றன.

2024-இல் வாக்காளர்கள் கூறியது என்ன?

2024 மக்களவைத் தேர்தலுக்கு முன்பாக, லோக்நீதி-சிஎஸ்டிஎஸ் அமைப்பு 19 மாநிலங்களில் சுமார் 10,000 வாக்காளர்களிடம் கருத்துக் கணிப்பு நடத்தியது. தேர்தலின் முதன்மைப் பிரச்சினை எது என்ற கேள்விக்கு 27 சதவீதத்தினர் வேலையின்மையையும், 23 சதவீதத்தினர் விலைவாசி உயர்வையும் குறிப்பிட்டனர். வேலை தேடுவது முன்பைவிடக் கடினமாகிவிட்டதாக 62 சதவீதத்தினரும், விலைவாசி உயர்ந்துவிட்டதாக 71 சதவீதத்தினரும், ஊழல் அதிகரித்துள்ளதாக 55 சதவீதத்தினரும் தெரிவித்தனர்.

நாட்டின் சமூக இயல்பு குறித்தும் வினவப்பட்டது. இந்தியா அனைத்து மதத்தினருக்கும் சமமான நாடு என்று 79 சதவீதத்தினர் பதிலளித்தனர்.

இவ்வளவு கவலைகளைக் கூறியவர்கள் ஆட்சி மாற்றத்தையே விரும்பினார்களா? அதே கணிப்பில், அரசுக்கு மீண்டும் வாய்ப்பளிக்கலாம் என்றோர் 44 சதவீதம். கூடாது என்றோர் 39 சதவீதம். கவலை கொள்வதும் எதிர்த்து வாக்களிப்பதும் ஒன்றல்ல என்பதை இது உணர்த்துகிறது. விலைவாசி குறித்து வருந்தும் ஒருவர், மாற்று அணியின்மீது அதைவிடக் குறைந்த நம்பிக்கை கொண்டிருக்கலாம். தலைமை, நலத்திட்டங்கள், உள்ளூர் வேட்பாளர் ஆகியவற்றையும் சேர்த்தே அவர் எடைபோடுகிறார்.

முடிவுகளும் அவ்வாறே அமைந்தன. 2019-இல் 303 இடங்களில் வென்ற பாஜக, 2024-இல் 240 இடங்களைப் பெற்றது. பெரும்பான்மைக்குத் தேவையான 272 இடங்கள் அக்கட்சிக்குத் தனித்துக் கிடைக்கவில்லை. எனினும் 293 இடங்களுடன் தேசிய ஜனநாயகக் கூட்டணி ஆட்சியைத் தக்கவைத்தது. காங்கிரஸ் 52-இலிருந்து 99 இடங்களுக்கு உயர்ந்தது. ஆட்சி மாறவில்லை, ஆட்சியின் பலம் மாறியது.

ஒரே கவலை, வேறு வேறு தீர்ப்பு

மூத்த வாக்காளர்களுக்கு இது புதிதல்ல. 1975 ஜூன் 25 அன்று பிறப்பிக்கப்பட்ட நெருக்கடி நிலை 21 மாதங்கள் நீடித்தது. 1976-இல் நடந்திருக்க வேண்டிய மக்களவைத் தேர்தல் தள்ளிப்போனது; அரசியல் சாசனத்தின் 42-ஆவது திருத்தம் மக்களவையின் பதவிக்காலத்தை ஆறு ஆண்டுகளாக நீட்டித்தது. யார் வெல்வார் என்பதைக் காட்டிலும், தேர்தல் நடக்குமா என்பதே அன்றைய கவலையாக இருந்தது.

1977 மார்ச்சில் தேர்தல் நடைபெற்றபோது வட மாநிலங்களில் காங்கிரஸ் படுதோல்வி அடைந்தது. பிரதமர் இந்திரா காந்தி ரேபரேலி தொகுதியிலேயே தோல்வியுற்றார். ஆனால் ஆந்திரப் பிரதேசத்தின் 42 தொகுதிகளில் 41-இல் அதே காங்கிரஸ் வென்றது. தமிழ்நாட்டிலும் காங்கிரஸ் இடம்பெற்ற அணியே பெரும் வெற்றி பெற்றது. நெருக்கடி நிலையின் சுமை எல்லா மாநிலங்களிலும் ஒரே அளவில் உணரப்படவில்லை. தீர்ப்பும் ஒன்றாக அமையவில்லை.

அடுத்து வந்த ஜனதா அரசு, 44-ஆவது திருத்தத்தின் மூலம் பதவிக்காலத்தை மீண்டும் ஐந்து ஆண்டுகளாக்கியது. நெருக்கடி நிலையை அறிவிப்பதற்கான நிபந்தனைகளையும் கடுமையாக்கியது. வாக்கு ஆட்சியை மாற்றியது. ஆனால் அதே நிலை மீண்டும் எளிதில் நேராதபடி தடுக்க, சட்டமும் திருத்தப்பட வேண்டியிருந்தது. 

விதிகள் குறித்த கவலை எங்கிருந்து எழுகிறது?

லோக்நீதி கணிப்பில் பலரின் கவனத்தை ஈர்த்த மற்றொரு தரவு, தேர்தல் ஆணையத்தின் மீதான நம்பிக்கை பற்றியது. ஆணையத்தைப் பெரிதும் நம்புவதாகக் கூறியோர் 2019-இல் 51 சதவீதமாக இருந்தனர். 2024-இல் இது 28 சதவீதமாகக் குறைந்தது. இதற்கு ஒற்றைக் காரணத்தைச் சுட்ட இயலாது. எனினும், இக்காலத்தில் பொதுவெளியில் விவாதிக்கப்பட்ட விவகாரங்கள் பின்வருவன:

தேர்தல் ஆணையர் நியமனம்: பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஆகியோர் அடங்கிய குழுவின் பரிந்துரைப்படி, சட்டம் இயற்றப்படும் வரை ஆணையர்களை நியமிக்க வேண்டும் என 2023 மார்ச் 2 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், தலைமை நீதிபதிக்குப் பதிலாகப் பிரதமர் பரிந்துரைக்கும் மத்திய அமைச்சர் ஒருவரைக் குழுவில் சேர்த்தது. மூவரில் இருவர் ஆளும் தரப்பினர் என்பது விமர்சகர்களின் வாதம். அதற்கு முன் ஆணையர்களை அரசே நேரடியாகத் தேர்வு செய்துவந்தது, இப்போது எதிர்க்கட்சித் தலைவருக்கும் இடமளிக்கப்பட்டுள்ளது என்பது சட்டத்தை ஆதரிப்போரின் பதில்.

தேர்தல் பத்திரங்கள்: நன்கொடையாளரின் பெயரை வெளியிடாமல் கட்சிகளுக்கு நிதியளிக்க வழிசெய்த இத்திட்டம் 2018 ஜனவரியில் அறிவிக்கை செய்யப்பட்டது. ரொக்கத்துக்கு மாற்றாக வங்கி வழியே நிதி வர வேண்டும் என்பதே நோக்கம் என அரசு கூறியது. வாக்காளரின் தகவல் அறியும் உரிமையை இது மீறுவதாகக் கூறி, 2024 பிப்ரவரி 15 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு திட்டத்தை ரத்து செய்தது. அதன்பின் வெளியான விவரங்களின்படி, அதிகத் தொகையைப் பெற்ற கட்சி பாஜக. பல எதிர்க்கட்சிகளும் பத்திரங்கள் வழியே நிதி பெற்றிருந்தன.

வாக்கு எண்ணிக்கை: ஒவ்வொரு சட்டப்பேரவைத் தொகுதிப் பகுதியிலும் ஐந்து வாக்குச்சாவடிகளின் ஒப்புகைச் சீட்டுகள், இயந்திரத்தில் பதிவான எண்ணிக்கையுடன் ஒப்பிடப்படுகின்றன. அனைத்துச் சீட்டுகளையும் ஒப்பிட வேண்டும் என்ற கோரிக்கையை 2024 ஏப்ரல் 26 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. எனினும், இரண்டாம், மூன்றாம் இடம் பெற்ற வேட்பாளர்கள் முடிவு வெளியான ஏழு நாள்களுக்குள் கோரினால், ஐந்து சதவீத இயந்திரங்களின் நுண்கட்டுப்பாட்டுச் சில்லுகளைச் சரிபார்க்க வேண்டும் என உத்தரவிட்டது.

வாக்குப்பதிவு விவரம்: 2024 ஏப்ரல் 19 அன்று நடந்த முதல் கட்ட வாக்குப்பதிவின் இறுதி சதவீதம் ஏப்ரல் 30 அன்றே வெளியானது. எத்தனை பேர் வாக்களித்தனர் என்ற எண்ணிக்கையையும் வெளியிட வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. முதல் ஐந்து கட்டங்களுக்கான தொகுதிவாரி எண்ணிக்கையை மே 25 அன்று ஆணையம் வெளியிட்டது.

இந்த நான்கில் எதையும் வாக்காளர் தமது ஒரு வாக்கின் மூலம் தீர்த்திருக்க முடியாது. நீதிமன்ற வழக்கு, நாடாளுமன்ற விவாதம், குடிமக்களின் தொடர் கோரிக்கை ஆகியவையே மாற்றங்களுக்கு வழிவகுத்தன. பத்திரத் திட்டம் வீழ்ந்ததும், வாக்கு எண்ணிக்கை விவரம் வெளிவந்ததும் அவ்வழியிலேயே.

பட்டியலில் பெயர் இருக்கிறதா?

நீண்டகாலமாக வாக்களித்து வருவோரை நேரடியாகத் தொட்ட விவகாரம், வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம். பிகார் சட்டப்பேரவைத் தேர்தலுக்கு முன்பாக 2025 ஜூன் 24 அன்று இப்பணி அறிவிக்கப்பட்டபோது, அங்கு சுமார் 7.89 கோடி வாக்காளர்கள் இருந்தனர். ஆகஸ்ட் 1 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் சுமார் 65 லட்சம் பெயர்கள் இடம்பெறவில்லை. இறந்தவர்கள், நிரந்தரமாக இடம்பெயர்ந்தவர்கள், இரு இடங்களில் பதிவு செய்தவர்கள் ஆகியோரின் பெயர்களே நீக்கப்பட்டதாக ஆணையம் விளக்கமளித்தது. ஏழைகள், புலம்பெயர் தொழிலாளர்கள் உள்ளிட்ட தகுதியுள்ளோரும் விடுபட்டதாக எதிர்க்கட்சிகள் குற்றம்சாட்டின.

விடுபட்ட பெயர்களைக் காரணத்துடன் வெளியிடுமாறு ஆகஸ்ட் 14 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆதாரையும் அடையாள ஆவணமாக ஏற்குமாறு செப்டம்பர் 8 அன்று அறிவுறுத்தியது. செப்டம்பர் 30 அன்று வெளியான இறுதிப் பட்டியலில் சுமார் 7.42 கோடி பேர் இடம்பெற்றனர். இரண்டாம் கட்டமாக தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி உள்ளிட்ட 12 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களுக்கு இப்பணி விரிவுபடுத்தப்படுவதாக அக்டோபர் 27 அன்று அறிவிக்கப்பட்டது.

பட்டியல் குறித்த சர்ச்சை இந்தியத் தேர்தல் வரலாற்றில் முதல் தேர்தலிலேயே தொடங்கியது. 1951-52 தேர்தலுக்கான பட்டியல் தயாரிப்பின்போது, தமது பெயரைக் கூறாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று மட்டும் பதிவு செய்திருந்த சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. பெயர் கேட்டுப் பதிவதன் அவசியம் அதன்பின் வலியுறுத்தப்பட்டது.

நீண்டகால வாக்காளருக்குச் சட்டத்தில் பாதுகாப்பும் உண்டு. ஏற்கெனவே பட்டியலில் உள்ளவரின் பெயருக்கு ஒரு மதிப்பு உண்டு. வெறும் சந்தேகத்தின் பேரில் அதை நீக்க முடியாது, உரிய வாய்ப்பு அளிக்க வேண்டும் என 1995-இல் லால் பாபு உசேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒருவர் வசிப்பிடம் மாறிவிட்டார் அல்லது தகுதியற்றவர் எனக் கருதி பெயரை நீக்கும் முன், அவரது விளக்கத்தைக் கேட்க வேண்டும் என 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 22-ஆவது பிரிவும் கூறுகிறது.

வாக்காளர் செய்யக்கூடியவை

• தேர்தல் அறிவிப்பு வரும் வரை காத்திராமல், பட்டியலில் பெயர் உள்ளதா எனச் சரிபார்க்க வேண்டும். பெயர் சேர்க்கப் படிவம் 6, திருத்தம் மற்றும் முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8. வேட்புமனு தாக்கலுக்கான கடைசி நாளுக்குப் பின் பெயர் சேர்க்க இயலாது. உதவிக்கு 1950 என்ற எண்ணை அழைக்கலாம்.

• பெயர் சேர்ப்பது, நீக்குவது தொடர்பாகப் பதிவு அலுவலர் எடுக்கும் முடிவை எதிர்த்து மாவட்ட ஆட்சியரிடமும், அடுத்து மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடமும் மேல்முறையீடு செய்யலாம்.

• 2024 மக்களவைத் தேர்தலில், 85 வயதைக் கடந்தோரும் 40 சதவீதத்துக்குக் குறையாத மாற்றுத்திறன் கொண்டோரும் வீட்டிலிருந்தே வாக்களிக்கும் வசதி நாடு முழுவதும் அளிக்கப்பட்டது. இதற்குப் படிவம் 12டி அளிக்க வேண்டும்.

• வேட்பாளரின் சொத்து, கல்வி, வழக்கு விவரங்கள் அடங்கிய பிரமாணப் பத்திரம் அனைவரும் காணும் வகையில் வெளியிடப்படுகிறது.

• இயந்திரத்தில் வாக்களித்தபின் ஒப்புகைச் சீட்டு ஏழு விநாடிகள் தெரியும். சாவடியில் பதிவான மொத்த வாக்குகளைக் குறிக்கும் படிவம் 17சி, வாக்குப்பதிவு முடிந்ததும் வேட்பாளர்களின் முகவர்களுக்கு வழங்கப்படுகிறது.

• எந்த வேட்பாளரையும் ஏற்காதோர், 2013 முதல் நடைமுறையில் உள்ள நோட்டாவைத் தேர்வு செய்யலாம். நோட்டா அதிக வாக்குகள் பெற்றாலும், வேட்பாளர்களில் அதிக வாக்கு பெற்றவரே வெற்றி பெறுவார்.

தொடரும் பங்கேற்பு

நம்பிக்கை குறைந்ததாகக் கணிப்புகள் கூறினாலும், வாக்காளர்கள் விலகிச் செல்லவில்லை. 2024-இல் 64 கோடிக்கும் அதிகமானோர் வாக்களித்தனர். தீவிரத் திருத்தம் குறித்த சர்ச்சைக்கு நடுவே நடந்த 2025 பிகார் தேர்தலில் சுமார் 67 சதவீத வாக்குகள் பதிவாயின. முதல் பொதுத்தேர்தலின் முதல் வாக்காளராக அறியப்பட்ட இமாசலப் பிரதேச ஆசிரியர் ஷியாம் சரண் நேகி, 1951 அக்டோபரில் தொடங்கி, 2022 நவம்பரில் இறப்பதற்கு மூன்று நாள்கள் முன்பு வரை வாக்களித்தார்.

கவலையும் பங்கேற்பும் முரண்பட்டவை அல்ல. விலைவாசியும் வேலையும் குறித்த கவலையை, வாக்குப்பதிவு நாளன்று வாக்காளர் தீர்ப்பாக மாற்றிவிட முடியும். பட்டியல், நிதி, நியமனம், எண்ணிக்கை ஆகியவை குறித்த கவலைக்கு அந்த ஒரு நாள் போதாது. இரு தேர்தல்களுக்கு இடைப்பட்ட ஆண்டுகளில் எழுப்பப்படும் கேள்விகளும், அளிக்கப்படும் விண்ணப்பங்களும், தொடுக்கப்படும் வழக்குகளுமே அவற்றுக்கான விடையைத் தீர்மானிக்கின்றன.