தீராத நோயோடு வாழ்தல் - 7: அட்டவணையில் ஏறாத பாரம்

மல்டிபிள் ஸ்களிரோசிஸ், லூப்பஸ், ருமடாய்டு முடக்குவாதம், டைப் 1 சர்க்கரை, இந்த நான்குமே உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்குவதால் வருபவை. திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தின் ஒரே தெருவில் நான்கு வீடுகளில் இவை நான்கும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் பெயரோடு இருப்பது முதல் நோய் மட்டும்தான். முடக்குவாதக்காரர் மூட்டு கோணிப்போன பிறகு இயக்கக் குறைபாடு என்ற தலைப்பில் விண்ணப்பிக்கலாம். லூப்பஸ் சிறுநீரகத்தையே பழுதாக்கினாலும் அதற்கு அங்கே தலைப்பு இல்லை. டைப் 1 குழந்தைகளுக்காகக் கேரள அரசின் சமூகப் பாதுகாப்பு மிஷன் தனித் திட்டம் நடத்துகிறது, பெயர் 'மிட்டாயி'. (வைத்தவர் குறும்புக்காரராக இருக்க வேண்டும்.) ஆனால் அது பதினெட்டு வயதுக்குள் உள்ளவர்களுக்கு. இன்சுலின் தேவையோ பிறந்தநாள் பார்த்து நிற்பதில்லை.

நோயின் பெயரை வைத்துப் பாரத்தை நிறுப்பதுதான் கோளாறு என்பது என் வாதம். பார்வைக்குத் தெரியும் குறைக்கே நம் அளவுகோல்கள் பழகியிருக்கின்றன. மல்டிபிள் ஸ்களிரோசிஸுக்கு 1983-இல் கர்ட்ஸ்கே வெளியிட்ட, இன்றும் புழக்கத்தில் உள்ள அளவுகோலில் நான்கைத் தாண்டினால் பெரும்பாலும் நடக்கும் தூரம்தான் கணக்கு. களைப்பும் மறதியும் பின்னுக்குப் போய்விடும். முடக்குவாதத்தில் காலை எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல்கள் மடங்காது. அது கோலம் போட்டு, தேங்காய் துருவி, பிள்ளையின் டிபன் பாக்ஸை மூடும் நேரம். பதினொரு மணிக்கு ஓ.பி.யில் டாக்டர் பார்க்கும்போது அதே விரல்கள் ஓரளவு இளகியிருக்கும், சீட்டில் ஏறுவது அந்தப் பதினொரு மணிக் கைதான். லூப்பஸில் வெயில் பட்டால் நோய் கிளம்பக்கூடும். டைப் 1-இல் ஒவ்வொரு வேளைச் சோற்றுக்கும் கணக்கு, தூக்கத்தில் சர்க்கரை இறங்கிவிடுமோ என்ற பயம். 2020 மார்ச்சில் கொரோனாவைத் தடுக்க ஹைட்ராக்சிகுளோரோகுயின் உதவும் என்று பேச்சு கிளம்பியதும், அதையே தினமும் விழுங்கியாக வேண்டிய லூப்பஸ்காரர்கள் மருந்துக்கடை மருந்துக்கடையாக அலைந்தார்கள். எந்த அளவுகோலில் அந்த அலைச்சல் ஏறும்?

அவரவர் துன்பம் அவரவருக்கு, அதைத் தராசில் வைப்பதே தப்பு என்பவர்கள் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சட்டமும் பட்ஜெட்டும் ஏற்கெனவே நிறுத்துதான் கொடுக்கின்றன. நாம் ஒப்பிட மறுத்தால் லாபம் பட்டியலில் இருப்பவர்களுக்கே. பட்டியலை எடுத்துவிட்டால் ஊரே வரிசையில் நிற்கும் என்பது அதைவிடக் கனமான மறுப்பு. ஆனால் சலுகைகளில் பெரும்பாலானவற்றுக்கு 40 சதவீதக் குறைபாடு என்ற இரண்டாவது வாசல் இருக்கவே இருக்கிறது. வடிகட்ட அது போதும், முதல் வாசலில் பெயர் கேட்பது எதற்கு? புதிய வகைகளைச் சேர்க்க மத்திய அரசுக்கு அதே அட்டவணை அதிகாரமும் தருகிறது. களைப்பை எப்படி அளப்பது என்றால், 1989-இலேயே க்ரப் என்ற நரம்பியல் மருத்துவரின் குழு ஒன்பது கேள்விகளில் அதற்கு ஓர் அளவுகோல் செய்தது. சிறிய ஆய்வுதான். முதலில் சோதித்துப் பார்த்தது மல்டிபிள் ஸ்களிரோசிஸ்காரர்களிடமும் லூப்பஸ்காரர்களிடமும். இரு தரப்பின் சராசரியும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தது, ஆரோக்கியமானவர்களின் சராசரியைப் போல் இரண்டு மடங்கு. அதற்கு 27 ஆண்டுகள் கழித்து வந்த நம் சட்டம், அந்த இரண்டு பேரில் ஒருவரை மட்டும் எழுதிக்கொண்டது.