அசலைக் கொடுத்துவிட்டு வேலையில் சேராதீர்கள்

பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், செமஸ்டர் மதிப்பெண் பட்டியல்கள், பட்டச் சான்றிதழ். ஒரு பிளாஸ்டிக் கோப்புக்குள் அடங்கிவிடும் இந்தத் தாள்களுக்குப் பின்னால் பதினைந்து பதினாறு ஆண்டுப் படிப்பும் அதற்காகப் பெற்றோர் வாங்கிய கடனும் இருக்கின்றன. வேலை கிடைத்த மகிழ்ச்சியில், சேர்கிற முதல் நாளே அந்தக் கோப்பை அப்படியே எச்.ஆர். மேசையில் வைத்துவிட்டு வருபவர்கள் இன்றும் ஏராளம். “சரிபார்த்துவிட்டுத் தருகிறோம்” என்பார்கள். இல்லையென்றால் “பாண்ட் முடிந்ததும் வாங்கிக்கொள்ளலாம்” என்பார்கள். சுயநிதிக் கல்லூரி ஆசிரியர்கள், தனியார் மருத்துவமனைச் செவிலியர்கள், சிறு ஐ.டி. நிறுவனங்களில் சேரும் புதிய பட்டதாரிகள் எனப் பலருக்கும் இது வேலையில் சேர்வதன் ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. ஆனால், அசலைக் கொடுப்பவர் அந்த வேலையில் ‘என்னால் முடியாது’ என்று சொல்லும் வலிமையையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறார். வேலை தேடுவோர் சம்பளத்தைப் பேசுவதற்கு முன்பே தீர்மானித்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது.

வேலையிடத்தில் வரும் நெருக்கடிகளைச் சமாளிப்பது பற்றி எத்தனையோ அறிவுரைகள் சொல்லப்படுகின்றன. நேரத்தைத் திட்டமிடுங்கள், மேலாளரிடம் மனம்விட்டுப் பேசுங்கள் என்பார்கள். அவை தவறல்ல. ஆனால் பேச்சுக்கு ஒரு பலம் வேண்டும். பிடிக்காவிட்டால் விலகிப் போகலாம் என்ற வழி திறந்திருக்கிறது என்பதே அந்தப் பலம். சட்டம் தரும் உரிமைகளும் இந்த வழியை நம்பித்தான் நிற்கின்றன. கடை ஊழியர்கள் நாள் முழுவதும் நின்றுகொண்டே இருக்கக் கூடாது, அவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு அரசு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. பாலியல் துன்புறுத்தல் பற்றிப் புகார் செய்ய 2013ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளகக் குழுவைத் தந்திருக்கிறது. கூடுதல் நேர வேலைக்கு இரட்டிப்புக் கூலி என்ற விதியும் இருக்கிறது. தன் பட்டச் சான்றிதழ் முதலாளியின் அலமாரியில் பூட்டிக் கிடக்கும்போது இவற்றில் எதை ஒருவர் துணிந்து கேட்பார்? ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னால் வருவார், இரண்டு மாதம் சம்பளம் நின்றாலும் காத்திருப்பார். நல்ல வேலைக்கு அழைப்பு வந்து, அங்கே அசலைக் காட்டச் சொன்னால், அந்த வேலையையே கைவிடுவார். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கட்டாய உழைப்பை அடையாளம் காண்பதற்கு வகுத்திருக்கும் பதினொரு அறிகுறிகளில் ஆவணங்களைப் பறித்துவைப்பதும் ஒன்று. அடியும் பூட்டும் இல்லாமலே ஒருவரை ஓரிடத்தில் கட்டிப்போட முடியும் என்பதை அந்த அமைப்பு நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறது. 2011, 2012 ஆண்டுகளில் மும்பையிலும் டெல்லியிலும் கேரளத்திலும் தனியார் மருத்துவமனைச் செவிலியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, சம்பள உயர்வோடு, குறிப்பிட்ட காலம் விலகக் கூடாது என்று கட்டிப்போடும் பாண்ட் முறையை ஒழிப்பதும் அவர்களின் முக்கியக் கோரிக்கையாக இருந்தது. அசல் சான்றிதழைத் திருப்பித் தரவேண்டும் என்ற குரலும் அதோடு சேர்ந்தே ஒலித்தது.

அசலைப் பிடித்துவைக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறதா? பாக்கி தீரும்வரை அடுத்தவர் பொருளைக் கையில் வைத்துக்கொள்ளும் உரிமை 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் உண்டு. சட்டை தைத்துக் கொடுத்த தையற்காரர் கூலி வரும்வரை சட்டையைத் தராமல் வைத்திருக்கலாம். அந்தத் துணியில் அவருடைய உழைப்பு இருக்கிறது. வங்கியாளர் போன்ற சிலருக்கு இதைவிடப் பரந்த உரிமையை 171ஆவது பிரிவு தருகிறது. முதலாளி அந்தப் பட்டியலில் இல்லை. வழக்கறிஞர் தன் கட்டண பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கோப்புகளைப் பிடித்துவைக்க முடியாது, அவை விற்கக்கூடிய சரக்கு அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. வழக்குக் கோப்புக்குச் சொன்னது மதிப்பெண் பட்டியலுக்கும் பொருந்தும் என்பதே நியாயமான வாதம்: அதை விற்று யாரும் கடனை அடைத்துக்கொள்ள முடியாது, உரியவரைத் தவிர வேறு எவருக்கும் அது பயன்படாது. மாணவர்களின் அசலைக் கல்லூரிகள் வைத்திருக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018இல் அறிவித்தது, ஆசிரியர்களின் அசலை வைத்திருக்கக் கூடாது என்று ஏ.ஐ.சி.டி.இ.யும் அறிவுறுத்தியிருக்கிறது. வெளிநாட்டு வேலைக்கு அனுப்பும் ஏஜென்ட்டுகள் வாங்கிவைக்கும் பாஸ்போர்ட்டின் நிலை இன்னும் தெளிவானது. அது அரசின் சொத்து. அதை முடக்கும் அதிகாரம் பாஸ்போர்ட் அதிகாரிக்கே உண்டு, போலீசுக்குக்கூட இல்லை என்று 2008இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. போலீசுக்கே இல்லாத அதிகாரம் ஏஜென்ட்டுக்கு எங்கிருந்து வரும்?

இன்னொரு விதி இதைவிட ஆழமானது. தனிமனித உழைப்பை நம்பிய ஒப்பந்தத்தை நிறைவேற்றியே தீர வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிடாது. 1963ஆம் ஆண்டுக் குறித்தவகைத் தீர்வழிச் சட்டத்தின் 14ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது. ஒப்பந்தத்தை மீறியவரிடம் இழப்பீடு வாங்கலாம், ஆனால் அவரைப் பிடித்து இழுத்துவந்து வேலை பார்க்கவைக்க முடியாது. நீதிபதியே செய்ய மறுப்பதை ஒரு மேசை இழுப்பறை செய்துவிடுகிறது என்பதுதான் இந்த வழக்கத்தில் உள்ள அநியாயம்.

முதலாளிகள் தரப்பில் ஒரு நியாயம் சொல்லப்படுகிறது. அதைத் தள்ளிவிட முடியாது. ஆளைத் தேர்ந்தெடுத்து, ஆறு மாதம் சம்பளமும் கொடுத்துப் பயிற்சியும் கொடுத்தால், ஏழாவது மாதம் போட்டி நிறுவனத்துக்குப் போய்விடுகிறார்கள். எங்கள் செலவுக்கு என்ன பாதுகாப்பு என்று கேட்கிறார்கள். அந்தப் பாதுகாப்பைச் சட்டம் மறுக்கவில்லை. விஜயா வங்கியில் குறைந்தது மூன்று ஆண்டு வேலை செய்ய வேண்டும், இடையில் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு சேர்ந்த அதிகாரி ஒருவர், 2009இல் வேறு வங்கிக்குப் போக விலகினார். ஆட்சேபம் தெரிவித்தபடியே பணத்தைக் கட்டிவிட்டு வழக்குத் தொடுத்தார். கர்நாடக உயர் நீதிமன்றம் பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, நிபந்தனை செல்லும் என்றது. ஆகவே ‘பாண்ட் என்றாலே செல்லாது, கிழித்துப் போடு’ என்று நண்பர்கள் சொல்வதை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அதே தீர்ப்பு, பேரம் பேச வழியில்லாத ஊழியரிடம் அச்சடித்து நீட்டப்படும் ஒப்பந்தங்களைக் கவனமாகப் பார்க்க வேண்டும் என்றும் சொல்கிறது. நேரடி நியமனத்துக்குப் பொதுத்துறை வங்கி செய்ய வேண்டியிருக்கும் செலவையும் உழைப்பையும் எடைபோட்டே அந்தத் தொகையை ஏற்றது. ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவின்படி, பத்திரத்தில் எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். பயிற்சியே தராமல் 5 லட்சம் கேட்பவர் நீதிமன்றத்தில் கணக்குக் காட்ட வேண்டியிருக்கும். வேலையை விட்ட பிறகு இரண்டு ஆண்டு இதே தொழிலில் எங்கும் சேரக் கூடாது என்ற நிபந்தனையோ 27ஆவது பிரிவின்படி பொதுவாகச் செல்லாது. இத்தனை வழி இருக்கும்போது சான்றிதழைப் பிடித்துவைப்பது ஏன்? வழக்கென்று போனால் செலவை நிரூபிக்க வேண்டும். சான்றிதழைப் பூட்டிவைத்தால் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. காரணம் அவ்வளவுதான்.

சான்றிதழைவிட ஆபத்தான ஒன்றும் சில இடங்களில் கேட்கப்படுகிறது: கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலை. ‘நிரப்பாத காசோலைதானே, என்ன செய்துவிடுவார்கள்’ என்று நினைப்பது பெரிய பிழை. விரும்பிக் கையெழுத்திட்டுக் கொடுத்த காசோலையில் தொகையை வேறொருவர் நிரப்பியிருந்தாலும், அது கடனுக்காகத் தரப்பட்டது என்றே சட்டம் முதலில் அனுமானிக்கும் என 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது கடனுக்காக அல்ல என்று காட்டும் சுமை உங்கள் தலையில் விழும். காசோலை திரும்பினால் மாற்றுமுறை ஆவணங்கள் சட்டத்தின் 138ஆவது பிரிவின்கீழ் இரண்டு ஆண்டுவரை சிறையோ, தொகையைப்போல் இருமடங்கு அபராதமோ வரலாம். அப்படி நோட்டீஸ் வந்தால் பதினைந்து நாளுக்குள் வழக்கறிஞர் மூலம் பதில் போக வேண்டும். வெற்றுக் காசோலையும் எழுதாத முத்திரைத்தாளும் கேட்கும் நிறுவனத்தில் சேராமல் இருப்பதே நல்லது. இதில் சமரசத்துக்கு இடமில்லை.

சான்றிதழ் விஷயத்தில் எழும் கடினமான மறுப்பு வேறு: ‘நான் தரமாட்டேன் என்றால், வரிசையில் அடுத்து நிற்பவன் தந்துவிட்டு வேலையை வாங்கிக்கொள்வான்.’ வேலை கிடைக்காத வீட்டின் நிலைமையை அறிந்தவர் இதைக் கேலி செய்ய மாட்டார். ஆனால் மறுப்பதற்கும் ஒப்படைப்பதற்கும் நடுவே சில படிகள் இருக்கின்றன. போலிச் சான்றிதழ் புழங்கும் நாட்டில் சரிபார்ப்பது நிறுவனத்தின் உரிமை. அதற்கு அசலைக் கண்ணால் பார்த்து நகலில் ‘அசலுடன் ஒப்பிடப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்திட்டால் போதும். சந்தேகம் இருந்தால் பல்கலைக்கழகத்துக்கோ அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கோ எழுதி உண்மைத்தன்மையைக் கேட்கலாம். டிஜிலாக்கரில் வழங்கப்படும் ஆவணங்கள் அசலுக்கு நிகரானவை என்று 2016ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அண்மை ஆண்டுகளின் மதிப்பெண் பட்டியல்கள் அதில் கிடைக்கின்றன. “சார், இப்போதே சரிபாருங்கள், நான் காத்திருந்து வாங்கிப் போகிறேன், வீட்டில் கல்விக்கடன் வேலைக்கு அசல் தேவைப்படுகிறது” என்று பணிவாகச் சொன்னாலே பல இடங்களில் விட்டுவிடுவார்கள். அப்படியும் முடியவில்லை, வேலையை இழக்க முடியாது என்றால், ரசீது இல்லாமல் ஒரு தாளும் கைமாறக் கூடாது. நிறுவனத்தின் முத்திரையோடு, எந்தெந்தச் சான்றிதழ், அதன் வரிசை எண், பெற்ற தேதி, எதற்காகப் பெற்றது, எந்தத் தேதியில் திருப்பித் தரப்படும், வாங்கியவர் பெயர், கையெழுத்து ஆகிய அனைத்தும் அதில் இருக்க வேண்டும். ரசீது தர மறுத்தால் அன்று மாலையே அலுவலக மின்னஞ்சலுக்கு, ‘இன்று உங்கள் வசம் ஒப்படைத்த அசல் சான்றிதழ்கள் கீழ்வருவன’ என்று பட்டியலிட்டு அனுப்பிவிடுங்கள். மறுத்து எழுதாத வரையில் அந்த மின்னஞ்சல் உங்களுக்குச் சான்றாக நிற்கும்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டுத் தவிப்பவர்களும் பயப்பட வேண்டாம், ஆனால் ஒழுங்காக விலகுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவது நிறுவனத்தின் கையில் வலிய ஒரு காரணத்தைக் கொடுப்பதாகும். எழுத்தில் ராஜினாமா கொடுத்து, நோட்டீஸ் காலத்தை முடித்து, பொறுப்பு ஒப்படைத்ததற்கு அத்தாட்சி வாங்குங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, விலகியவருக்குச் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலைநாளுக்குள் தர வேண்டும். வருங்கால வைப்புநிதிக் கணக்கில் விலகிய தேதியை நிறுவனம் பதியாவிட்டால், இரண்டு மாதம் கழித்து யு.ஏ.என். வழியாக நீங்களே பதியலாம். சான்றிதழுக்கு முதலில் மின்னஞ்சல்; பதில் இல்லையென்றால் ஒப்புகையுடன் கூடிய விரைவுத் தபால். பழைய பதிவுத் தபால் 2025இல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது. அடுத்து வழக்கறிஞர் நோட்டீஸ். பணம் இல்லையே என்று நிற்க வேண்டாம்: பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் வருமானம் பார்க்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரைத் தருகிறது, தொலைபேசி எண் 15100. காவல் நிலையத்தில் ‘இது சிவில் விவகாரம்’ என்று சொல்லக்கூடும். சொன்னாலும் புகாருக்கு சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். போலீஸ் அழைத்து விசாரித்ததுமே சான்றிதழைத் திருப்பித் தரும் நிறுவனங்களும் உண்டு. எதற்கும் மசியாத இடத்தில், உரியவருக்கு உரிய பொருளைத் திருப்பித் தரச் சொல்லி உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: நிறுவனத்திடம் இருப்பது தெரிந்தும் ‘தொலைந்துவிட்டது’ என்று போலீசில் எழுதிக் கொடுத்து நகல் சான்றிதழ் வாங்குவது. அது பொய்ப் புகார். நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போது குற்றத்தை உங்கள் பக்கம் இழுத்துக்கொள்வதாக முடியும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை முதல் நாள் வேலைக்குக் கிளம்பும்போது, சான்றொப்பமிட்ட நகல்கள் இரண்டு செட்டைத் தனி உறையில் போட்டுக் கொடுங்கள். அசல் கோப்பு உடன் போனால், அன்று மாலை அது வீட்டுக்குத் திரும்பி வந்ததா என்று கேளுங்கள்.