சிற்றூர்களின் அபாயச் சங்கு

1955ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் திகதி இரவு பத்தரை மணியளவில், ஐக்கிய அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்திலுள்ள யூடால் என்னும் சிற்றூரின்மீது கடுஞ் சுழல்காற்று ஒன்று பாய்ந்தது. சில நூறு மக்களே வாழ்ந்த ஊர் அது. பலர் உறங்கச் சென்றுவிட்டனர். காற்று நெருங்கிவிட்டது என்னும் செய்தி உரிய வேளையில் அவர்களைச் சென்றடையவில்லை. ஏறக்குறைய 80 உயிர்கள் பலியாயின. அம்மாநில வரலாற்றில் இதனினும் கொடிய சுழல்காற்று வேறில்லை.

அபாயத்தை ஒருவர் அறிந்திருந்தால் மட்டும் போதாது. அதனை ஊர் முழுவதும் ஒரே கணத்தில் அறிதல் வேண்டும். இத்தேவையை நிறைவேற்றும் பொருட்டே அந்நாட்டுச் சிற்றூர்களில் தீயணைப்பு நிலையத்தின் கூரைமீதோ, உயர்ந்த கம்பத்தின் உச்சியிலோ சிறிய அபாயச் சங்கொன்றைப் பொருத்தி வைத்திருக்கின்றனர்.

சங்கு என்று நாம் வழங்கினும், இக்கருவியை எவரும் வாய்வைத்து ஊதுவதில்லை. இதன் அமைப்பு மிக எளிது. பக்கங்களில் துவாரங்களையுடைய உருளையொன்று, அதே போன்ற துவாரங்களையுடைய கூட்டினுள் மின்மோட்டரால் சுழல்கின்றது. துவாரங்கள் நேர்ப்படும்போது காற்று வெளியே பாய்கின்றது, விலகும்போது தடைப்படுகின்றது. இவ்வாறு வெட்டுண்ட காற்றே ஒலியாகின்றது. உதாரணமாக, பத்துத் துவாரங்களையுடைய உருளை நிமிடத்துக்கு 3,450 முறை சுழலுமாயின், விநாடிக்கு 575 அதிர்வுகளையுடைய ஒலி பிறக்கும். மோட்டரின் வேகம் ஏற ஏற ஒலியும் உயரும். மின்சாரத்தை நிறுத்தினால் உருளை மெல்ல ஓய, ஒலியும் தாழும். அபாயச் சங்குக்கே உரிய அந்த ஏறி இறங்கும் ஓலத்தின் இரகசியம் இதுவே.

1819ஆம் ஆண்டில் கான்யார் த லா தூர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, ஒலியின் அதிர்வெண்ணை அளப்பதற்காக இத்தகைய கருவியொன்றை அமைத்தார். நீரினுள்ளும் அது ஒலித்தமையால், கிரேக்கப் புராணத்தில் பாட்டிசைத்து மாலுமிகளை மயக்கிய கடல் மங்கையரின் பெயரால் அதனைச் 'சைரன்' என்றழைத்தார். அழிவுக்கு அழைத்தவரின் பெயர் இன்று அழிவினின்றும் காக்கும் கருவிக்கு வழங்குகின்றது.

இச்சங்கின் ஓசை எவ்வளவு தூரம் செல்லும்? தூரம் இருமடங்காகும்போதெல்லாம் ஒலி ஏறக்குறைய 10 டெசிபல் குறையும் என்பது எச்சரிக்கை அமைப்போர் கைக்கொள்ளும் கணக்கு. 100 அடியில் 100 டெசிபலாக உள்ள ஒலி, 200 அடியில் 90, 400 அடியில் 80, 800 அடியில் 70 எனத் தேயும். காற்றின் திசையும் மரங்களும் கட்டிடங்களும் இதனை மேலும் மாற்றும். யன்னல்களை மூடி உறங்குவோரின் செவிக்கு எட்டுவது இன்னும் குறைவே. ஆகவே, இச்சங்கு வெளியில் இருப்போருக்கென்றே அமைந்தது. வயலில் நிற்கும் உழவரும் தெருவில் விளையாடும் சிறாரும் இதனைக் கேட்டு உள்ளே ஓடவேண்டும். ஓடியபின் விவரத்தை வானொலியில் அறியவேண்டும். வீட்டினுள் உறங்குவோரை எழுப்ப வேறொரு சாதனமும் அவசியம்.

2007ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் திகதி இரவு, அதே கன்சாஸ் மாநிலத்தின் கிரீன்ஸ்பர்க் என்னும் ஊரைப் பெருஞ் சுழல்காற்று தாக்கியது. ஏறக்குறைய 1,500 பேர் வாழ்ந்த அவ்வூரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு அழிந்தது. எனினும் அச்சுழல்காற்றில் மாண்டோர் 11 பேரே. ராடார் கருவிகள் காற்றின் வரவைக் காட்டின. வானொலியும் தொலைக்காட்சியும் அறிவித்தன. காற்று வருவதற்குச் சுமார் 20 நிமிடங்களுக்கு முன்பே சங்கு முழங்கியது. மக்கள் நிலவறைகளில் புகுந்தனர். இவற்றுள் ஒன்றுமட்டும் ஊரைக் காத்ததெனல் பொருந்தாது. யாவும் சேர்ந்தே காத்தன.

ஒலி கேட்டாலும் அதன் பொருள் விளங்காவிடில் பயனில்லை. 1960ஆம் ஆண்டு சிலி நாட்டுப் பூகம்பத்தால் எழுந்த கடற்கோள், ஹவாய்த் தீவின் ஹீலோ நகரை மே 23ஆம் திகதி அதிகாலை ஒரு மணிக்குப் பின் தாக்கிற்று. நான்கு மணி நேரத்துக்கு முன்பே அங்கே சங்கு ஒலித்திருந்தது. பெரும்பாலோர் கேட்டனர். ஆயினும், 'இது முதல் அறிவிப்பே; அடுத்தது ஒலிக்கட்டும்' எனச் சிலர் காத்திருந்தனர்; வேறு சிலர் அலையைக் காணச் சென்றனர். 61 பேர் உயிரிழந்தனர்.

அமெரிக்கச் சிற்றூர்கள் பலவற்றில் ஒரே சங்கு தீயணைக்கும் தொண்டரையும் அழைக்கின்றது, சுழல்காற்றையும் அறிவிக்கின்றது. எனவே எந்த ஓசைக்கு எப்பொருள் என்பதைக் குழந்தையும் அறிந்திருத்தல் வேண்டும். குறித்த நாளில், குறித்த வேளையில் சங்கை ஒலித்துப் பார்க்கும் வழக்கம் கருவியை மட்டுமன்றி, கேட்பவரின் நினைவையும் சோதிக்கின்றது. 2004ஆம் ஆண்டின் கடற்கோளுக்குப் பின் இலங்கையின் கரையோரங்களிலும் எச்சரிக்கைக் கோபுரங்கள் எழுந்தன. கம்பத்தின் உச்சியிலுள்ள சங்கு ஓடென்று மட்டுமே சொல்லும். எத்திசையில் ஓடுவதென்பதை மக்கள் முன்னரே கற்றிருத்தல் வேண்டும்.